மெல்லிய பக்கத்துக் கட்டு

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருப்பவர்கள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பவர்கள். உங்களிடம் சொன்னால் விளங்கும் என்றுதான் எழுதுகிறேன். சிறுமியாக நான் பார்த்த ஒரு மாரிகாலத்தைப் பற்றியும், ஒரு காரின் முன்சில்லுக்குப் பின்னால் கட்டியிருந்த தோல் துண்டைப் பற்றியும்.

அப்போது நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கம் கொடுத்த காணியில் காடு வெட்டி நெல் விதைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அடுத்த காணியில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. சித்தப்பா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். வாய்க்கால்களை அளப்பதும் மதகுகளைப் பார்ப்பதும் அவர் வேலை. காற்சட்டையும், நாடா கட்டிய சப்பாத்தும் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்தில் அவர்தான். கார் வைத்திருந்த ஒரே மனிதரும் அவர்தான்.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார இஞ்சினியரிடம் வாங்கிய பழைய கார் அது. கறுப்பு நிறம், நீண்ட மூக்கு. வெயிலில் காய்ந்த தோல் இருக்கையின் வாசனையும் பெற்றோல் வாசனையும் எப்போதும் அதற்குள் இருக்கும். மற்றக் கார்களைப் பின்சில்லுகள் தள்ளும், இதை முன்சில்லுகள் இழுக்கும் என்பதில் சித்தப்பாவுக்குப் பெரிய பெருமை.

"மாடு முன்னுக்கு நிண்டுதானே வண்டியை இழுக்குது? பின்னுக்கு நிண்டு தள்ளுற மாட்டை ஆரும் கண்டனீங்களோ?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

சின்னம்மாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இரண்டும் வீட்டில், மருத்துவிச்சியின் கையில் பிறந்தவை. மூன்றாவது தரித்தபோது, இந்த முறை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே பெரியாஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். முன்கூட்டியே வந்து அங்கே தங்குவது நல்லது என்றும் சொன்னாராம். ஆனால் மாரி தொடங்கினால் சித்தப்பா குளத்தையும் வாய்க்காலையும் விட்டு அசைய முடியாது. சின்னம்மாவுக்கும் அவரை விட்டுப் போய் இருக்க மனமில்லை.

"கார் வாசலில நிக்குது. இடுப்புக் குத்துத் தொடங்கினா ஒரே ஓட்டம். பரந்தன், ஆனையிறவு, பளை, பேந்து யாழ்ப்பாணம். இதுக்கு ஏன் போய்க் கிடந்து காத்திருக்க வேணும்?" என்றார் சித்தப்பா.

எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு பிள்ளையின் உயிரை ஒரு காரில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சொல்லியிருப்பார்களோ தெரியாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். நிச்சயமில்லை.

புரட்டாதி முடிகிற நேரம், கார் கழுவும்போது இடது முன்சில்லின் உட்பக்கம் முழுக்கக் கறுப்புக் கிறீஸ் விசிறிபோலத் தெறித்திருப்பதைச் சித்தப்பா கண்டார். பரந்தன் சந்தியிலிருந்து கராச்காரரை வரச்சொன்னார். அவர் பெரிய வாய்க்காரர். சாக்கைப் போட்டுக் காருக்குக் கீழே புகுந்து, கதைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஐயா, பூட்ஸ் கிழிஞ்சு போச்சு."

காருக்கும் பூட்ஸ் இருக்கிறதா என்று நான் சிரித்துவிட்டேன்.

"ஓம் தங்கச்சி. எனக்கும் உனக்கும் இல்லாத பூட்ஸ் இவருக்கு இருக்கு" என்றார் அவர், தன் வெறுங்காலைத் தூக்கிக் காட்டி.

பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இயந்திரத்திலிருந்து முன்சில்லுக்குப் போகிற அச்சில், எங்கள் முழங்கை மாதிரி ஒரு மூட்டு இருந்தது. சில்லு திரும்பும்போதெல்லாம் அந்த மூட்டு மடங்கிக்கொண்டே சுழல வேண்டும். அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர் உறை. ஒரு பக்கம் பருத்தது, மறுபக்கம் மெல்லியது. கிறீஸை உள்ளே வைத்திருப்பதும், மண்ணையும் தண்ணீரையும் வெளியே வைத்திருப்பதும் அந்த உறைதான். இப்போது அது வாய் பிளந்து கிடந்தது.

"உறை போனா மூட்டுத் தன்னைத் தானே தின்னும். முதல் டக்கு டக்கெண்டு சத்தம் போடும். பேந்து சத்தமும் போடாது."

"மூட்டு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் சித்தப்பா.

"சாடையான ஆட்டம் ஒண்டு கிடக்கு. அது பறவாயில்லை. நான் சொல்லுறன், இன்னும் ரெண்டு மாரிக்கு ஓடும்."

வேலிக்கரையில் நின்ற அப்பா கேட்டார்: "எங்கட வண்டி மசகை அப்பிச் சாக்காலை சுத்தி விட்டா என்ன?"

"அண்ணை, உது உங்கட மாட்டு வண்டி அச்சில்லை. உந்த மசகில கிடக்கிற வைக்கல் கரி உள்ளுக்கை போனா அண்டைக்கே மூட்டுச் சரி."

அந்த மாதிரிக் காருக்குக் கொழும்பிலும் றப்பர் உறை எடுக்க முடியாது என்றார். அச்சைக் கழற்றாமல், தோலை வெட்டி, மூட்டைச் சுற்றிப் பிடித்து, அந்த இடத்திலேயே தைத்துவிடலாம். இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். தைக்கவும் கட்டவும் அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். சித்தப்பா விடவில்லை. தன் காருக்குத் தானே தைப்பேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

நூல் கொடுத்தவர் கருவாட்டுக்காரர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிற வேதக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும். வலை பின்னுகிற நூல் உருண்டை ஒன்றை அடுத்த தடவை கொண்டுவந்தார். பனிச்சங்காய்ச் சாயத்தில் ஊறிக் கறுத்து விறைத்த நூல். அதில் கடல் மணந்தது. முடிச்சையும் அவரே சித்தப்பாவுக்குக் காட்டிக் கொடுத்தார்.

"இது வலை முடிச்சு ஐயா. சுறா இழுத்தாலும் கழலாது. அவிக்கிறதெண்டாலும் ஏலாது, அறுக்கத்தான் வேணும்."

கராச்காரர் திரும்பி வந்து தோலைப் பிடிக்க, சித்தப்பா தைக்கத் தொடங்கினார். அப்போதுதான் அம்மா வந்தா. முற்றத்தில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னா:

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில புருஷன்காரன் தைக்கிறது, முடிச்சுப் போடுறது கூடாது. பிள்ளைக்கு ஆகாது. அவரைக் கொண்டு தைப்பியுங்கோவன்."

"அப்ப அக்கா, பிள்ளை பிறக்கும் மட்டும் நான் வேட்டியையும் கட்டாமல் திரியட்டோ?"

கராச்காரர் காருக்குக் கீழே கிடந்து இருமி இருமிச் சிரித்தார். சின்னம்மாவும் வாசற்படியில் இருந்து சிரித்தா. அவ மடியில் பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டை இருந்தது. வெள்ளைத் துணி, பொத்தான் இல்லை. கழுத்தில் கட்டுகிற நாடாவைப் பிள்ளை பிறந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அம்மா சிரிக்கவில்லை.

சில்லை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துத்தான் கட்ட வேண்டும், நேரே வைத்துக் கட்டினால் முதல் வளைவிலேயே தோல் கிழியும் என்று கராச்காரர் சொல்லிக் கொடுத்தார்.

"பருத்த பக்கத்துக் கட்டு விட்டாலும் சமாளிக்கலாம் ஐயா. மெல்லிய பக்கத்துக் கட்டுத்தான் உயிர். அது விட்டா தோல் பின்னுக்கு உருண்டு, மூட்டு வெளியால வந்திடும்."

சித்தப்பா அதை மூன்று சுற்றுச் சுற்றி, வலை முடிச்சுப் போட்டு, பல்லால் நுனியைக் கடித்து அறுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பின்னேரங்களில் வேலையால் வந்ததும் சித்தப்பா சில்லுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சைத் தடவிப் பார்ப்பார். அது இறுகியே இருந்தது. ஆனால் கார் படலைக்குள் திரும்பும்போது, மழை ஓய்ந்த நேரங்களில், 'டக்' என்று ஒரு சத்தம் எனக்குக் கேட்கும். யாரோ உள்ளேயிருந்து விரலை மடக்கித் தட்டுவதுபோல. கராச்காரர் சொன்ன ஆட்டம் அதுதான் என்று சித்தப்பா சொன்னார். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. "கார் வருகுது" என்று சின்னம்மா அந்தச் சத்தத்தை வைத்தே சொல்வா.

சின்னம்மா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைப்பா. துணிக்குள் பிடித்த தவளை துள்ளுவதுபோல ஒரு உதை வரும். "இவள் உன்னைப்போல குழப்படி" என்பா. பெண் பிள்ளை என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "எனக்குத் தெரியும்" என்பா. பிறகு திடீரென்று முகம் மாறி, "மெய்யே, உன்ரை கொம்மா சொன்னது உண்மையாய் இருக்குமோ?" என்று பத்து வயதுப் பிள்ளையான என்னிடம் கேட்பா. பெரியவர்கள் என்னிடம் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று நான் நினைத்திருக்கிறேன். இப்போது என் மூத்தவளிடம் நானும் இப்படி ஏதாவது கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

குத்துத் தொடங்கியது எதிர்பார்த்ததற்கு முந்தி. மழை பெய்த ஒரு காலை. அப்பா வயலில் வரம்பு உடைந்ததைக் கட்டப் போயிருந்தார்.

சின்னம்மாவை ஆயத்தப்படுத்துகிற இடைவெளியில் அம்மா வீடு முழுக்க ஓடினா. வலி வந்த வீட்டில் பூட்டோ முடிச்சோ இருந்தால் பிள்ளை வெளியே வர வழி அடைபடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்மா அலுமாரியைத் திறந்தா. றங்குப் பெட்டியைத் திறந்தா. நெல்லுச் சாக்குகளின் வாயை அவிழ்த்தா. சின்னம்மாவின் பின்னலைப் பிரித்துவிட்டா. கொடிக்கயிற்றை என்னை அவிழ்க்கச் சொன்னா. கன்றை அவிழ்த்துவிட்டதும் அது மழைக்குள் கத்திக்கொண்டு ஓடியது. கடைசியில் சித்தப்பாவுக்கு முன்னால் வந்து நின்றா. அம்மாவின் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"தம்பி, நீங்கள் போட்ட முடிச்சு ஏதும் கிடந்தா அவிட்டு விடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஒண்டும் இல்லை அக்கா" என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது.

அறைக்குள்ளிருந்து சின்னம்மாவின் கத்தல் வந்தது. அதற்கு முன் நான் கேட்டிராத சத்தம். சித்தப்பாவின் முகம் சாம்பல் நிறமாகப் போனது. "காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று இறங்கிப் போனார். கொடிக்கயிற்றோடு நின்ற நான், காருக்குக் கீழே இருந்து சேற்றில் நீண்டு கிடந்த அவர் சப்பாத்துகளைப் பார்த்தேன். எழுந்து வந்தபோது விரல்களில் கிறீஸ். சட்டைப் பைக்கு வெளியே கறுத்த நூலின் நுனி ஒன்று தெரிந்தது. கட்டை இன்னும் இறுக்கிவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் தனியே விட முடியாததால் என்னை முன்சீட்டில் ஏற்றினார்கள். பிள்ளைத்துணிகளை மூட்டையாகக் கட்ட அம்மா விடவில்லை. அப்படியே என் மடியில் அள்ளிப் போட்டா. வழி முழுக்க அவை நழுவி நழுவிக் காலடியில் விழுந்தன. நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் சில்லுப் பக்கமிருந்து ஈரச் செருப்பால் அடிப்பதுபோலச் சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன சத்தம்?" என்றா பின்னாலிருந்து சின்னம்மா.

"கல்லுத் தெறிக்குது. நீர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திரும்."

அந்தச் சத்தம் நின்றது. சித்தப்பா மூச்சு விட்டார். பிறகு வீதியைக் குறுக்கே வெட்டி மண்ணும் மணலுமாக வெள்ளம் ஓடிய இடத்தில் காரை மெல்ல இறக்கினார். தண்ணீர் கதவுக்குக் கீழே உரசியது. ஏறி மறுபக்கம் வந்ததும் 'டக்' தொடங்கியது. வளைவில் மட்டுமல்ல, நேரான வீதியிலும். டக், டக், டக். சித்தப்பா உரத்துக் கதைக்கத் தொடங்கினார். ஆனையிறவில் இப்போது கடல் எவ்வளவு அழகாக இருக்கும் என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் அடியில் இரும்பு முறிகிற ஒரு சத்தம். இயந்திரம் முழுப் பலத்தோடு கத்தியது. கார் மட்டும் நின்றது. சித்தப்பா காலால் அமுக்க அமுக்க அது கத்தியது. இரண்டு பக்கமும் காடு. காட்டின் மேல் மழை.

பிறகு வந்தது ஒரு மாட்டு வண்டி. விறகை வீதியோரம் தள்ளிவிட்டு வண்டிக்காரர் இடம் கொடுத்தார். சித்தப்பா வண்டிக்குப் பின்னால் மழையில் நடந்தார். பரந்தன் சந்திக்கு வர முந்தி, வண்டிக்கு மேலே மழைக்கு விரித்த படங்குக்குக் கீழே அம்மாவின் கையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளைதான். வண்டிக்காரர் மாடுகளை நிறுத்தினார். அழுகைச் சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தோம். மாடு தலையை ஆட்டும்போது மணிச்சத்தம் மட்டும் வந்தது.

சின்னம்மா பிழைத்தா. சந்தியிலிருந்து ஒரு லொறி அவவையும் எங்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அன்று மாலை, என் மடியில் கிடந்த துணிகளில் ஒன்றைப் பிள்ளைக்குச் சுற்றும்போது அம்மா சித்தப்பாவைப் பார்த்து ஒரேயொரு வசனம் சொன்னா. "கட்டக் கூடாதெண்டு சொன்னனான் தம்பி."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அக்கா" என்றார்.

காரை இழுத்துக்கொண்டு வந்த கராச்காரர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தது எனக்குக் கேட்டது. "அண்ணை, பருத்த பக்கத்துக் கட்டு அப்பிடியே கிடக்கு. மெல்லிய பக்கம் இல்லை. தோல் எங்கையோ விழுந்திட்டுது. நூல்த் துண்டு ஒண்டு கிறீஸில ஒட்டிக் கிடந்தது. அறுந்த நூலெண்டா நுனி பிசிறும். இது பிசிறேல்லை. கத்தி." "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார் அப்பா. அந்தக் கராச்காரர், அவ்வளவு பெரிய வாய்க்காரர், சொல்லவில்லை.

நான் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்றாகச் சேர்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை. அதற்குப் பிறகு சித்தப்பா நாடா கட்டுகிற சப்பாத்துப் போடவில்லை. செருப்போடுதான் மதகுக்குப் போனார். கார் வெளியே நின்று துருப்பிடித்தது. சின்னம்மாவுக்குப் பிறகு பிள்ளை இல்லை. "அவர் கட்டினதாலதான்" என்று அவ வருகிறவர்களிடம் சொல்லி அழும்போதெல்லாம் சித்தப்பா அதே இடத்தில் இருப்பார், மறுக்க மாட்டார். அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுவா. தங்கையின் அழுகையைத் தாங்க முடியாமல் போகிறா என்று நினைத்தேன்.

சித்தப்பாவை நான் கோபிக்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அளக்கத் தெரிந்தவர், எதையும் நம்பாதவர். அந்த ஒரு கத்தலில் எல்லாம் விட்டுப்போயிற்று. ஒரு பயணம்தானே, தோல் எப்படியும் நிற்கும், யாழ்ப்பாணத்தில் திரும்பக் கட்டலாம் என்று எண்ணியிருப்பார். மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கட்டு இருந்திருந்தாலும் அந்த வெள்ளத்தில் முறிந்திருக்குமோ? கார் ஓடியிருந்தாலும் பிள்ளை தங்கியிருக்குமோ? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு இடத்தில் தட்டுகிறது.

இப்போது நாங்கள் செட்டிகுளத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு இங்கே வேலை. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று போன வருடம் ஒரு சின்னக் கார் வாங்கினார், ஏற்கெனவே இரண்டு பேர் ஓடியது. அதையும் முன்சில்லுகள்தான் இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. போன கிழமை சில்லின் உட்பக்கம் கறுப்பு விசிறியைக் கண்டபோதுதான் தெரிந்தது. இப்போது புது றப்பர் உறை கிடைக்கிறது. அவர் வாங்கி வந்து, கராச்சில் அச்சைக் கழற்றிப் போடுவித்தார். கட்டுக் கம்பியை மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை இறுக்க வேண்டுமாம். ஞாயிறு காலை அதற்காகக் காருக்குக் கீழே புகுந்தார். எனக்கு இது ஒன்பதாம் மாதம்.

பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த அம்மா முற்றத்துக்கு இறங்குவதைக் குசினி யன்னலால் கண்டேன். அம்மா ஏதும் சொன்னால் என் கணவர் மறுக்க மாட்டார். "சரி மாமி, பிள்ளை பிறந்தாப் பிறகு கட்டுவம்" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அதைத் தடுக்க வேண்டுமென்றால் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளை போனது கட்டினதால் இல்லை, நீங்கள் கும்பிட்டுக் கேட்டு அவர் அறுத்ததால் என்று. அந்த வயதான முகத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தா.

"தம்பி, கட்டிப்போட்டீங்களோ?"

"ஓம் மாமி."

"அந்த மெல்லிய பக்கம்?"

"அதுவும்தான்."

"ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. எனக்காக ஒருக்கா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. என் முகத்தில் என்ன கண்டாவோ, தலையை மெல்ல ஆட்டினா.

"அண்டைக்கு அவர் போட்டிருந்த சட்டையைத் தோய்ச்சது நான் பிள்ளை" என்றா. "அந்த நூல் பையுக்கை கிடந்தது."

எழும்ப என் கையைப் பிடித்தா. உள்ளே போனோம்.

நேற்றுக் காலை எனக்குச் சாடையாக இடுப்பு வலித்தது. பொய்வலிதான், பிறகு நின்றுவிட்டது. வலி நின்றதும் அலுமாரியில் துணி எடுக்கப் போனேன். பூட்டியிருந்தது. றங்குப் பெட்டியும் பூட்டியிருந்தது. எல்லாத் திறப்பையும் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு குசினியில் நின்றா. அவ அறியாமல் என் பின்னலை மட்டும் பிரித்துவிட்டுப் படுத்தேன்.